கதவுக்கும் ஆறு முகம்: கொல்லை வீட்டு உள்கதவு பெயின்ட், கேள்வி பதில்

காட்பாடியில் பெயின்டிங் கான்ட்ராக்ட் எடுக்கிறேன். நிலத்திலேயே வீடு கட்டுகிறவர்கள் உள்ளறைக் கதவு பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். வாசக்கால், தலைவாசல் கதவு, தேக்குப் பாலிஷ் எல்லாம் வேறு கதை, அதை இன்னொரு நாள் பேசலாம்.

அணைக்கட்டு: அண்ணே, பூச்சு வேலை முடிஞ்சுது. கதவை மாட்டிட்டு பெயின்ட் அடிக்கவா, அடிச்சிட்டு மாட்டவா?

ஆசாரி ஒரு தடவை மாட்டி, கீல் வெட்டி, இழைத்துச் சரிபார்க்கட்டும். நிலைக்கும் கதவுக்கும் நடுவே ஒரு ரூபாய்க் காசு இரண்டைச் சேர்த்துச் செருக முடியவேண்டும், பெயின்ட் கனமும் அதில்தான் அடங்கணும். அப்புறம் கழற்றுங்கள். எந்த அறைக் கதவு என்று கீல் பள்ளத்தில் பென்சிலால் எழுதிவிட்டு, இரண்டு முக்காலி மேல் படுக்கப்போட்டு அடியுங்கள். பெயின்ட் வழியாது.

ஆனால் கழற்றச் சொல்வதற்குக் காரணம் அது இல்லை. மாட்டிய கதவின் அடிவிளிம்பில் பிரஷ் நுழையாது, மேல்விளிம்பு கண்ணுக்கே தெரியாது. நெட்டுச் சட்டத்தின் நரம்பு வெட்டுப்பட்டு வாய் திறந்திருப்பது அந்த இரண்டு இடத்தில்தான். வள்ளிமலை முருகனுக்கு மட்டுமில்லை, கதவுக்கும் ஆறு முகம். நாலு முகத்துக்கு அடித்துவிட்டு இரண்டை விட்டால், ஐப்பசி மழையில் அந்த வழியாக ஈரம் ஏறிக் கதவு இறுகிக்கொள்ளும். உடனே ஆசாரியைத் திட்டிப் பக்கத்தை இழைக்கச் சொல்வோம். மாசி வந்தால் சந்து தெரியும்.

ஊருக்குச் சொல்கிற நானே என் வீட்டில் ஏமாந்தேன். இறுகிய கதவின் அடியில் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தள்ளிப் பார்த்தால், அறுத்த அன்றைக்கு இருந்த மாதிரியே வெறும் மரம். அடித்தது என் ஆட்கள்தான், யாரைச் சொல்ல?

குடியாத்தம்: எங்க கொல்லை வேப்பமரத்தை அறுத்து ஆறு மாசத்துல கதவு செஞ்சாச்சு. பிரைமர் மேல மஞ்சக் கறை வருது சார்.

கறை கணுவிலிருந்து வருகிறது. எத்தனை கை பிரைமர் அடித்தாலும் அதைத் தாண்டி வரும். உப்புத்தாள் போட்டு, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைக் கணுவின் மேல் இரண்டு கை பூசிவிட்டு மறுபடி பிரைமர் அடியுங்கள்.

கறையை விடப் பெரிய விஷயம் அந்த ஆறு மாசம். ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் காற்றில் காயணும் என்பது பழைய கணக்கு. ஈரம் உள்ளே இருக்கும்போது எனாமலால் மூடினால் கொப்புளம் கிளம்பும். கோடை முடியும்வரை மோட்டார் கொட்டகை நிழலில் நிறுத்துங்கள். இணைப்பு எங்கே விட்டுக்கொடுக்கிறது என்று அதுவே காட்டும். அதை அடைத்துவிட்டு அடிக்கலாம்.

ஒரு கதவுக்கு எவ்வளவு எனாமல் பிடிக்கும்?

ஏழுக்கு மூன்று அடிக் கதவு, இரண்டு பக்கமும் சேர்த்து 42 சதுர அடி. நிலையையும் சேர்த்தால் 55 வரும். லிட்டருக்கு ஒரு கை 100 முதல் 120 சதுர அடி போகும் என்றால், இரண்டு கைக்கு ஒரு லிட்டர். ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் நடுவே ஒரு ராத்திரி விடுங்கள். பள்ளம் அடைக்கிற பட்டி, மரத்துக்கானதாக இருக்கட்டும். சுவருக்கு வாங்கி மீந்த சிமென்ட் பட்டியை வீணாக்கக் கூடாதென்று கதவில் போடுகிறவர்களை நிறைய பார்த்துவிட்டேன், எல்லாம் வெடித்து உதிரும்.

வாலாஜா: மல்லாட்டை (நிலக்கடலை) அறுவடை நேரம், ஒரே புழுதி. என்ன செய்ய?

களத்தில் வேலை நடக்கிற அன்றைக்கு அடிக்காதீர்கள். காலை ஏழு மணிக்குத் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு ஆரம்பித்து, வெயில் ஏறுவதற்குள் முடியுங்கள். ராத்திரி அந்த அறையில் விளக்கு வேண்டாம். ஈசல் ஒட்டிவிட்டால் ஈரத்தில் கிள்ளாமல் காய்ந்தபிறகு உப்புத்தாளில் தேய்த்து எடுங்கள்.

ஆரணி: தாத்தா வீட்டுக் கதவை எடுத்துவந்து புது வீட்டுல போடறோம். பழைய பெயின்ட்டைச் சுரண்டலாமா?

கதவை எடுத்துவந்தது நல்ல காரியம். ஆனால் பழைய எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாதென்ற விதியே 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் காய்ந்த உப்புத்தாள் வேண்டாம், தீயால் வாட்டவும் வேண்டாம். தண்ணீர்த் தாளால் நனைத்துத் தேயுங்கள். மாஸ்க் போடுங்கள், பிள்ளைகளையும் கோழிகளையும் கிட்டே விடாதீர்கள். கழிவைக் கொல்லையில் கொட்டாதீர்கள்.

கதவுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டி வைக்கோல் போர் பக்கம் எறியாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டிய துணி தானே பற்றிக்கொள்ளும். தண்ணீரில் முக்கி, விரித்துக் காயப்போடுங்கள்.

ஆம்பூர்: வெள்ளை அடிச்ச ஸ்டோர் ரூம் கதவு மஞ்சளாயிடுச்சு.

எண்ணெய் எனாமல் வெளிச்சம் படாத இடத்தில் பழுக்கும். அடுத்த தடவை தண்ணீர் கலக்கும் எனாமல் வாங்குங்கள்.

ஒடுகத்தூர்: ஐயா, அடிச்சு மாட்டி டைல்ஸும் போட்டாச்சு. அடிவிளிம்பை விட்டுட்டோம். கழற்றணுமா?

மேல்விளிம்புக்கு ஏணி போதும். கீழே பேப்பர் விரித்து, பழைய சாக்குத் துண்டை எனாமலில் நனைத்துப் பிழிந்து, கதவுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் பிடித்து அடிவிளிம்போடு உரச இழுங்கள். மறுநாள் இன்னொரு தடவை. முடிந்ததும் கண்ணாடியைத் தள்ளிப் பாருங்கள்.