கேரம் ஆடும் கையில் விரல்கள் குட்டையாகத் தெரிவது குறித்து

நீங்கள் வரைந்த படத்தில் கைவிரல்கள் குட்டையாகத் தெரிகின்றன; அவற்றை நீட்டி வரைவதால் இந்தக் குறை தீராது. அவை தொடங்கும் இடத்தை மாற்றுங்கள். சென்னை வியாசர்பாடியில் கேரம் ஆடும் பெண்ணின் படத்தில் நமக்குத் தெரிவது புறங்கை, ஆனால் நீங்கள் விரல்களை உள்ளங்கைப் பக்கம் பார்ப்பதுபோல விரலிடைத் தோலிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள்.

உள்ளங்கைப் பக்கம் அந்தத் தோல்மடிப்பு முதல் விரலெலும்பை ஏறத்தாழப் பாதிவரை மறைத்துவிடுவதால் விரல் குட்டையாகத் தெரிகிறது. புறங்கையிலோ விரல், அதன் அடியில் புடைத்துத் தெரியும் முட்டியிலிருந்தே நீள்கிறது. முட்டிகளையும் நேர்க்கோட்டில் அடுக்காமல், நடுவிரலில் உயர்ந்து சுண்டுவிரலை நோக்கிச் சரியும் வளைவில் வையுங்கள். ஸ்ட்ரைக்கரைச் சுண்டும் கையின் வேகம் முழுவதும் இந்த வளைவில்தான் இருக்கிறது என்பதால், நகம், ரேகை, நிழல் ஆகியவற்றை அதன் பிறகே தொடுங்கள்.

சரிபார்க்க:

1. புதிய லேயரில் (தனி அடுக்கில்) கையை மட்டும் ஒரே கருநிறத்தால் நிரப்புங்கள். எந்த விரல் சுண்டுகிறது என்பது அந்த நிழலுருவிலேயே புரியவேண்டும்.

2. நீங்கள் பயன்படுத்தும் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் 'எம்' விசையை அழுத்தி, படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள்.

மாதிரிப் படம் எடுக்கும்போது ஓர் எச்சரிக்கை: கைபேசியைக் கைக்கு மிக அருகில் கொண்டுசென்றால் விரல்நுனி பெருத்து மணிக்கட்டு சிறுத்துவிடும். அந்தப் படத்தை அப்படியே பின்பற்றினால் சரியாக வரைந்த கையும் பிழையாகத் தோன்றும் என்பதால், ஆடுபவரின் அனுமதியோடு பலகையின் எதிர்ப்புறம் சற்றுத் தள்ளி நின்று, ஜூம் செய்து எடுங்கள்.