பட்டியலில் பதினான்காவது பையன்

கேள்வி: நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. எங்கள் பள்ளிக்கு வாரம் ஒரு நாள் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (எழுதுவது, உடுப்பது போன்ற அன்றாட வேலைகளில் தடுமாறுபவர்களுக்குப் பயிற்சி தருபவர்) வருகிறார். தனி அறையில், ஆளுக்கு அரை மணி நேரம் என்று எட்டுக் குழந்தைகளைப் பார்க்கிறார். இன்னும் பதினான்கு பேர் காத்திருக்கிறார்கள், என் வகுப்புப் பையன் ஒருவன் அதில் கடைசி. வாயால் கேட்டால் எல்லாப் பதிலும் சொல்வான். எழுதச் சொன்னால் நாலு வரிக்குள் கை வலிக்கிறது என்பான். எழுதியதை அவனாலேயே படிக்க முடியாது. டாக்டர் அறிக்கை இருந்தால்தான் தெரபி என்கிறது நிர்வாகம். அவன் சோம்பேறி என்கிறார்கள் பெற்றோர். இன்னொரு தெரபிஸ்டை வைக்கப் பணம் இல்லையாம். நான் என்ன செய்ய?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

பணம் இல்லை என்பதை இப்போதைக்கு அப்படியே ஒத்துக்கொள்வோம். அதோடு பிறகு சண்டை போடலாம். கையில் இருக்கும் அந்த ஒரு நாளை எட்டு அரை மணி நேரமாக நறுக்கி வைத்திருக்கிறீர்களே, நான் முதலில் அதைத்தான் மாற்றச் சொல்வேன்.

தெரபிஸ்டாக வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு பள்ளியில் பழைய சாமான் போட்டு வைத்திருந்த அறை ஒன்றை ஒழித்துக் கொடுத்தார்கள். அங்கே ஒரு சிறுவனுக்குப் பொத்தான் போடப் பழக்கினேன். பலகையில் தைத்த பெரிய பொத்தான்கள். மூன்று மாதத்தில் அட்டகாசமாகப் போட்டான். எனக்கு ஒரே பெருமை. அப்புறம் ஒரு நாள் விளையாட்டு வகுப்பு முடிந்து வருகிறான், சட்டை திறந்து கிடக்கிறது. அவன் சட்டையில் இருந்தவை சின்னப் பொத்தான்கள், குனிந்து பார்த்துப் போட வேண்டும், சுற்றிலும் முப்பது பேர் கத்துகிறார்கள், மணியும் அடித்துவிட்டது. நான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது என் அறைக்குள் மட்டும் செல்லுபடியாகும் ஒரு வித்தை.

கையெழுத்திலும் இதே கதைதான். 2011ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, குழந்தைகளின் கையெழுத்துக்காகச் செய்யப்பட்ட பல முயற்சிகளை அலசியது. நேரடியாக எழுதிப் பழகாத பயிற்சி எதுவும் கையெழுத்தை மாற்றவில்லை. எழுதிப் பழகியதும் இருபது அமர்வுகளுக்குக் குறைந்தால் பலனில்லை என்றது அது. அதாவது களிமண் பிசைவதும் மணி கோப்பதும் நல்ல விளையாட்டு, ஆனால் அதனால் எழுத்து திருந்திவிடாது. வாரம் அரை மணி நேரம் என்றால் இருபது அமர்வு முடிய ஐந்து மாதம் ஆகும், அதுவும் விடுமுறை எதுவும் குறுக்கே வராவிட்டால். நீங்களோ தினமும் அவன் முன்னால் நிற்கிறீர்கள்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ‘பார்ட்னரிங் ஃபார் சேஞ்ச்’ என்று ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். அங்கேயும் தெரபிஸ்ட் ஒரு பள்ளிக்கு வாரம் ஒரு நாள்தான். ஆனால் அந்த நாளை அவர் வகுப்பறைக்குள் செலவிடுகிறார். ஆசிரியரோடு சேர்ந்து கவனிக்கிறார், முதலில் வகுப்பு முழுவதற்கும் பொருந்தும் மாற்றம் ஒன்றைச் செய்து பார்க்கிறார், அதற்கும் தடுமாறும் பிள்ளைகளிடம் அடுத்துப் போகிறார். உதவி தொடங்க நோயின் பெயர் எழுதிய சீட்டு தேவையில்லை.

சீட்டைக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் பையனே சாட்சி. உடல் அசைவுகளை ஒருங்கிணைப்பதில் சிக்கல் உள்ள குழந்தைகள், ஐந்து முதல் பதினோரு வயதுக்குள், நூற்றுக்கு ஐந்து ஆறு பேர் இருக்கிறார்கள். நாற்பது பேர் வகுப்பில் இரண்டு பேர் என்று கணக்கு. ஆட்டிசம், கவனக்குறைபாடு போன்றவற்றை இதில் நான் சேர்க்கவே இல்லை. ஆக, எத்தனை தெரபிஸ்டை வைத்தாலும் ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டு இந்தப் பட்டியலைக் கரைக்க முடியாது.

சரி, நடைமுறைக்கு வருவோம். அடுத்த முறை தெரபிஸ்ட் வரும்போது, எட்டில் மூன்று அமர்வுகளை மட்டும் உங்கள் வகுப்புக்குக் கேளுங்கள். நிர்வாகத்திடம் போகும் முன் அவரிடமே பேசிவிடுங்கள். பலருக்கு உள்ளே வர ஆசைதான். யாரும் கூப்பிடாததால் அறையிலேயே இருக்கிறார்கள். அந்த அறையில் இப்போது இடம் பிடித்திருப்பவர்களில் சிலருக்குத் தனிப் பயிற்சி கட்டாயம் வேண்டும், அதில் கை வைக்காதீர்கள். யாருக்கு அது வேண்டும் என்று அவர் சொல்லட்டும்.

அவர் வருவதற்குள் நீங்களே சிலவற்றைப் பார்க்கலாம். உட்கார்ந்திருக்கும்போது அவன் பாதம் தரையில் படுகிறதா? மேசை அவன் முழங்கைக்குச் சற்று மேலே நிற்கிறதா, மார்பு வரை வருகிறதா? கால் தொங்கும் குழந்தை உடம்பைப் பிடித்து நிறுத்தவே பாதி பலத்தைச் செலவழித்துவிடும், கைக்கு மிச்சம் இருக்காது. பழைய புத்தகங்களைக் கட்டி டேப் ஒட்டினால் கால் வைக்கும் பலகை தயார். தடித்த கோப்பு ஒன்றைச் சாய்த்து வைத்தால் சாய்வு மேசை. பென்சிலை அவன் ‘தப்பாக’ப் பிடிக்கிறான் என்று மட்டும் திருத்தப் போகாதீர்கள். வலி இல்லாமல், எழுத்து ஓடும்படி பிடித்தால் போதும். நாலு விதமான பிடிகள் வேகத்திலும் தெளிவிலும் ஒன்றுக்கொன்று சளைத்தவை இல்லை என்று ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அழுத்தி எழுதுகிறானா என்பது அதைவிட முக்கியம். தாளின் பின்பக்கம் தடவிப் பாருங்கள், விரலுக்குத் தெரிந்துவிடும்.

தினமும் பத்து நிமிடம், வகுப்பு முழுவதுக்கும் எழுத்துப் பயிற்சி வையுங்கள். ண, ன, ழ மாதிரி சுழியும் வளைவும் உள்ள எழுத்துகளை எங்கே தொடங்கி எந்தப் பக்கம் சுழிப்பது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதட்டும். தான் எழுதியதில் நன்றாக வந்த ஒன்றை அவனே வட்டமிடட்டும். மற்ற பாடங்களில் அவன் அறிவை எழுத்தால் அளக்க வேண்டாம்: ஐந்து கேள்வியில் இரண்டை எழுதட்டும், மூன்றை வாயால் சொல்லட்டும். இது சலுகை இல்லையா என்று பக்கத்து வகுப்பு ஆசிரியர் கேட்பார், கேட்கட்டும். அறிவியல் பாடத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது அறிவியலை.

பெற்றோரிடம் ‘சிகிச்சை’ என்ற சொல்லோடு தொடங்காதீர்கள், பயந்துவிடுவார்கள். ஆக்குபேஷனல் தெரபிக்குத் தமிழில் வைத்த ‘தொழில்வழிச் சிகிச்சை’ என்ற பெயரும் பாதிப் பேரைக் குழப்புகிறது. பிள்ளைக்கு ஏதோ கைத்தொழில் கற்றுத்தரப் போகிறோம் என்று நினைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இலக்கண வகுப்பில் தொழிற்பெயர் என்று படித்தோமே, அந்தத் தொழில் இது. எழுதுதல், உண்ணுதல், உடுத்தல், விளையாடுதல். ஒரு குழந்தையின் நாள் முழுக்க அவைதானே! அவன் சொன்ன பதிலைத் தாளில் நீங்கள் எழுதி, அதே கேள்விக்கு அவன் கையால் எழுதியதைப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். சோம்பேறிக்கு முதல் தாளும் வந்திருக்காது.

டாக்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கண் பரிசோதனையை உடனே செய்யச் சொல்லுங்கள். முன்பு செய்துகொண்டிருந்த ஒன்றை இப்போது செய்ய முடியாமல் போனாலோ, அடிக்கடி விழுந்தாலோ, சில நொடிகள் வெறித்துப் பார்த்து நின்றாலோ, தெரபிஸ்டுக்காகக் காத்திருக்காமல் மருத்துவரிடம் அனுப்புங்கள். ஆனால் அறிக்கை வரும் வரை நாற்காலியைக்கூட மாற்றக் கூடாது என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார்.

இப்போது அந்தப் பணச் சண்டை. நான் சொன்ன முறையில் ஒரு பொறி இருக்கிறது. ‘ஆசிரியர்களே பார்த்துக்கொள்கிறார்களே, அப்புறம் தெரபிஸ்ட் எதற்கு?’ என்று நிர்வாகம் அந்த ஒரு நாளையும் மாதம் ஒரு நாளாக்கப் பார்க்கும். அதனால் முதல் வாரத்திலிருந்தே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: எத்தனை குழந்தைகளைத் தெரபிஸ்ட் கவனித்தார், எந்த மாற்றம் யாருக்கு உதவியது, யாருக்கு உதவவில்லை. ‘யாருக்கு உதவவில்லை’ என்ற அந்தக் கடைசிக் குறிப்புதான் தெரபிஸ்டுக்குக் கூடுதல் நாள் கேட்பதற்கான ஆதாரம். கேட்கும்போது, 2006ல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24ஆம் பிரிவையும் சேர்த்துச் சொல்லுங்கள். தேவையான ஆதரவு பொதுக் கல்வி முறைக்குள்ளேயே கிடைக்க வேண்டும் என்கிறது அது. ஆக்குபேஷனல் தெரபி கல்லூரி எட்டும் தூரத்தில் இருந்தால் அதற்கும் ஒரு கடிதம் போடுங்கள். ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளின் உலகக் கூட்டமைப்பு வைத்த விதிப்படி அந்த மாணவர்கள் குறைந்தது 1000 மணி நேரம் களப்பயிற்சி முடிக்க வேண்டும்; அவர்களும் இடம் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மேற்பார்வைக்குத் தகுதியான தெரபிஸ்ட் உண்டா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் அது இலவச ஆள் பிடிக்கும் வேலையாகிவிடும்.

பையனின் நோட்டுப் பக்கம் ஒன்றை, பெயரை மறைத்து, எனக்கு அனுப்ப முடியுமா? அவன் எப்படி உட்கார்ந்து எழுதினான், எத்தனையாவது வரியில் கை வலிக்கிறது என்றான் என்பதையும் ஓரத்தில் குறித்து அனுப்புங்கள்.