ஐந்தே நிமிடத்தில் தூங்கிவிடும் குழந்தையை வயிறு நிறையக் குடிக்க வைப்பது எப்படி?

6 வாரக் குழந்தை, ஐந்து நிமிடம் தாய்ப்பால் குடித்துவிட்டுத் தூங்குகிறது, அரை மணியில் மறுபடி அழுகிறது என்கிறீர்கள். இதற்குள் வீட்டில் 'பால் பத்தலை' என்று முடிவே கட்டியிருப்பார்கள். பெரும்பாலும் பால் இருக்கும். குழந்தைக்கு அது சரியாகப் போய்ச் சேர்வதில்லை.

முதலில் பிடிப்பு. காம்பை மட்டும் கவ்வினால் பால் சரியாக வராது, வலிதான் மிஞ்சும். குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும். காம்பால் மேலுதட்டைத் தொட்டு, கொட்டாவி விடுவதுபோல் வாய் திறந்ததும் குழந்தையை மார்போடு அணையுங்கள், நீங்கள் குனியாதீர்கள். முகவாய் மார்பில் பதிந்து, கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும். வாயை எடுத்ததும் காம்பு லிப்ஸ்டிக் முனைபோல் சரிந்து நசுங்கியிருந்தால் பிடிப்பு தவறு. அடுத்த முறை வலித்தால் பொறுத்துக்கொள்ளாமல், சுண்டுவிரலை வாயோரம் விட்டு விடுவித்து, மறுபடி வையுங்கள்.

அடுத்தது பலருக்குத் தெரியாதது. பால் இறங்கும் வேகம் தணிந்ததும் குழந்தை விழுங்குவதை விட்டு வெறுமனே சப்பும், கண் செருகும். அப்போது கட்டைவிரல் ஒரு பக்கமும் மற்ற விரல்கள் மறுபக்கமுமாக, கருவளையத்துக்குப் பின்னால் தள்ளி மார்பைப் பிடித்து, வலிக்காமல் அழுத்தி வைத்திருங்கள். 'க்க்' என்று விழுங்கும் ஒலி மீண்டும் கேட்கும். ஒலி நின்றால் கையைத் தளர்த்தி, இடம் மாற்றி அழுத்துங்கள். அதற்கும் அசையாவிட்டால்தான் பக்கம் மாற்ற வேண்டும். கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடத்தில் மாற்றினால், பின்னால் வரும் கொழுப்பு மிகுந்த பால் குழந்தைக்குக் குறைவாகத்தான் கிடைக்கும். மாற்றும் முன் தோளில் போட்டு ஏப்பம் எடுத்து, துணி மாற்றுங்கள், குழந்தை விழித்துக்கொள்ளும். இறுகச் சுற்றிப் பால் கொடுத்தால் கதகதப்பில் தூங்கத்தான் செய்யும்.

மாலையில் அடுத்தடுத்துக் கேட்பது இந்த வயதில் இயல்பு. ஒரு நாளில் 8 முதல் 12 முறை குடித்து, 6 துணியாவது நனைந்து, எடையும் ஏறினால் பால் போதுகிறது. இல்லையென்றால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். நாக்குக்கு அடியிலுள்ள சவ்வு இறுக்கமாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

மாவுப்பால் கொடுக்கும் தாய்மார்களை நான் குறை சொல்லவில்லை. தேவைப்படும் குழந்தைகள் உண்டு. ஆனால் இந்தியாவில் மாவுப்பால் விளம்பரத்தை 1992-லேயே சட்டம் தடுத்திருக்கிறது. அப்படியிருந்தும், தாயை உட்காரவைத்துப் பிடிப்பைப் பார்க்காமலே டப்பாவின் பெயரைச் சீட்டில் எழுதித் தருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்களுக்கும் அப்படி எழுதித் தந்தால், "ஒருமுறை நான் பால் கொடுப்பதைப் பாருங்கள்" என்று கேளுங்கள்.