லாட்ஜுக்கு நாயோடு வந்தால் ரூம் கொடுத்தே ஆக வேண்டுமா?

கேள்வி: வக்கீல் சார், மதுரை ரயில்வே ஸ்டேஷனுக்கும் மீனாட்சியம்மன் கோயிலுக்கும் நடுவில் எங்களுக்கு ஒரு லாட்ஜ் இருக்கிறது. அப்பா காலத்தில் இருந்து நடத்துகிறோம். கீழே மெஸ், மேலே ரூம்கள். போன மாதம் ஒரு முகூர்த்த நாளுக்கு முந்தின ராத்திரி, கோயம்புத்தூரில் இருந்து ஒரு குடும்பம் லாப்ரடார் நாயோடு வந்து இறங்கினார்கள். ஆன்லைன் ஆப்பில் ரூம் போட்டு முழுப் பணமும் கட்டியிருந்தார்கள். ரிசப்ஷனில் இருந்த தம்பி "நாயை விடமாட்டோம்" என்று சொல்லியிருக்கிறார். "ஆப்பில் அப்படி எதுவும் போடவில்லையே, இந்த நேரத்தில் எங்கே போவோம்" என்று அவர்கள் சத்தம் போட்டதும், "சரி, ஒரு ராத்திரிதானே" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

விடிந்து பார்த்தால் மெத்தை நனைந்து கிடக்கிறது, திரைச்சீலை கிழிந்து தொங்குகிறது. பக்கத்து ரூமில் வீசிங் தொந்தரவு உள்ள குழந்தையோடு தங்கியவர்கள், ராத்திரி முழுக்க நாய் குரைத்தது என்று சண்டை போட்டுக் காலி செய்தார்கள். அவர்களுக்கு 2,100 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தோம். கோபத்தில் நான், 7,500 ரூபாய் அபராதம் கட்டாமல் யாரும் போக முடியாது என்று வாசலில் நின்றுகொண்டேன். ஜிபே செய்துவிட்டுப் போனார்கள். இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. நாயை மறுப்பதே சட்டவிரோதமாம், பிராணிவதையாம், அரசியலமைப்பு 51ஏ(ஜி)-க்கு விரோதமாம். 7,500 ரூபாயோடு 2 லட்சம் நஷ்டஈடு 15 நாளில் வேண்டுமாம். நாயை உள்ளே விட்டே ஆக வேண்டுமா? நான் பணம் வாங்கியது தப்பா? அந்தத் தம்பியின் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாமா?

பதில்: விடுதிக்காரர் நாயை அனுமதித்தே ஆக வேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் இல்லை. அனுமதிக்கக் கூடாது என்றும் இல்லை. உங்கள் இடம், உங்கள் முடிவு. அந்த அளவில் நோட்டீஸைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது நீங்கள் வாசலில் நின்றதற்கும் அந்த 7,500 ரூபாய்க்கும்தான்.

நோட்டீஸில் இருப்பதை முதலில் பார்த்துவிடுவோம். 51ஏ(ஜி) என்பது உயிரினங்களிடம் இரக்கம் காட்ட வேண்டும் என்கிற குடிமக்களின் அடிப்படைக் கடமை. நம் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதில்லை. 2014-ல் ஜல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகவே பேசியது. ஒரு சட்டத்துக்கு எப்படிப் பொருள் கொள்வது என்று பார்க்கும்போது நீதிமன்றம் இதை எடுத்துக்கொள்ளும். அதற்காக, இதைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் இன்னொருவரின் லாட்ஜில் நாய்க்கு ரூம் கேட்க முடியாது. அரசியலமைப்பில் ஓட்டல்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் இடம் 15(2). மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் இவற்றைக் காரணம் காட்டி எந்த மனிதரையும் கடை, ஓட்டலுக்குள் விடாமல் தடுக்கக் கூடாது என்கிறது அது. நாயோடு வந்தவரைத் தடுப்பது இதற்குள் வராது.

விலங்கு நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்களையும் இழுத்திருப்பார்கள். இந்த மாதிரி நோட்டீஸ் எல்லாவற்றிலும் அது இருக்கும். அப்பார்ட்மெண்ட் சங்கங்கள் குடியிருப்பவர்களை நாய் வளர்க்காதே என்று சொல்லக் கூடாது என்பதற்காக வந்தது அது. அங்கே சொந்தமாகவோ வாடகைக்கோ குடியிருப்பவருக்கு அது வீடு. ஒரு ராத்திரி தங்க வந்தவருக்கு உங்கள் லாட்ஜ் வீடு ஆகாது.

பிராணிவதைக் குற்றச்சாட்டும் நிற்காது. இந்தச் சட்டத்துக்கும் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1904-ல் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த முயற்சியைத் தொடர்ந்துதான் 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-ல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. பரதநாட்டியத்துக்காக மட்டும் அவரைத் தெரிந்து வைத்திருப்பவர்களுக்காகச் சொன்னேன். அந்தச் சட்டத்தின் 11-வது பிரிவு எது எது வதை என்று வரிசையாகச் சொல்கிறது: அடிப்பது, பட்டினி போடுவது, அசைய முடியாதபடி குட்டைக் கயிற்றில் நெடுநேரம் கட்டி வைப்பது, இப்படி. ரூம் இல்லை என்று சொல்வது அதில் இல்லை. ஆனால் "ரூமுக்குள் வேண்டாம், மொட்டை மாடியில் கட்டுங்கள்" என்று எந்த லாட்ஜ்காரரும் சொல்லிவிட வேண்டாம். மதுரை வெயிலில், தண்ணீர் இல்லாமல், குட்டைச் சங்கிலியில் என்றால் அது வதைதான். காரிலேயே பூட்டி வைத்துவிட்டுத் தரிசனத்துக்குப் போகிறவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயில் இருந்து 50 ரூபாய் வரைதான். 1960-ன் கணக்கு இன்னும் மாறவில்லை. ஆனால் நாய் செத்துப்போனால், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவு வரைக்கும் பேச்சு போகலாம், அதில் 5 ஆண்டு வரை தண்டனை இருக்கிறது.

இனி உங்கள் பக்கத்துப் பலவீனம். நாய் கூடாது என்று உங்கள் ஆப் பக்கத்தில் இல்லை. ரிசப்ஷனில் போர்டு இருந்ததாகவும் நீங்கள் எழுதவில்லை. எல்லாவற்றுக்கும் மேல், உங்கள் ஆள் நாயைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்திருக்கிறார். ராத்திரியில் ரிசப்ஷனில் இருப்பவர்தான் வருகிறவருக்கு லாட்ஜ். அவருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று உள்ளுக்குள் நீங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு வெளியாளுக்குத் தெரியாது. அதிகாரம் இருப்பதாக நம்பும்படி நீங்கள் நடந்துகொண்டால் அவர் செய்தது உங்களைக் கட்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 237-வது பிரிவு. ஆகவே "விதியை மீறி நாயைக் கொண்டுவந்தார்கள்" என்று நீங்கள் பதிலில் எழுதினால், எந்த விதி என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும்.

அப்புறம் அந்தப் பணம். அபராதம் போட அரசுக்குத்தான் அதிகாரம். ஒரு வியாபாரி கேட்கக் கூடியது நஷ்டஈடு மட்டும். 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. மீறினால் இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி ஒப்புக்கொண்டிருந்தால்கூட, 74-வது பிரிவின்படி அந்தத் தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான அளவே கிடைக்கும். நஷ்டமே இல்லாமல் இந்தப் பிரிவில் பணம் எடுக்க முடியாது என்று கைலாஷ்நாத் அசோசியேட்ஸ் வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்களிடம் எழுத்தில் எதுவுமே இல்லாததால் உண்மையில் ஆன நஷ்டம் மட்டும்தான் கணக்கு. நாயை விட ஒப்புக்கொண்டது மெத்தையை நாசமாக்க ஒப்புக்கொண்டதாகாது. எனவே சலவைச் செலவு, திரைச்சீலை, மெத்தை காயும் வரை ரூம் சும்மா கிடந்திருந்தால் அந்த வாடகை ஆகியவற்றைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பில்லும் போட்டோவும் இருக்கின்றனவா என்று இன்றைக்கே தேடுங்கள். புது மெத்தை வாங்கிவிட்டு முழு விலையைக் கேட்டால் எடுபடாது. ஐந்து வருஷம் பழைய மெத்தைக்கு அந்த வயதுக்குரிய மதிப்புதான்.

பக்கத்து ரூமுக்குத் திருப்பிக் கொடுத்த 2,100 ரூபாயை இதில் சேர்க்காதீர்கள். சேர்க்கலாமே என்று தோன்றும், வாதாடவும் முடியும். ஆனால் நாயை அந்த ரூமில் வைத்தது உங்கள் ஆள். வீசிங் குழந்தை பக்கத்து ரூமில் இருப்பது கோயம்புத்தூர்க்காரருக்குத் தெரியாது, உங்கள் ரிஜிஸ்டருக்குத்தான் தெரியும். உண்மையில் அந்தக் குழந்தையின் பெற்றோர் உங்கள்மேல் சேவைக் குறைபாடு என்று வழக்குப் போட்டிருந்தால் அது இந்த நோட்டீஸைவிட வலுவாக இருந்திருக்கும். பணத்தைத் திருப்பிக் கொடுத்தது நல்ல காரியம்.

வாசலை மறித்ததைப் பற்றி நோட்டீஸில் ஒரு வரி இருந்தாலும் அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போக உரிமையுள்ள ஒருவரைப் போகவிடாமல் தடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா 126-ன்படி குற்றம். ஒரு மாதம் வரை வெறுங்காவல் அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்கள் சிசிடிவியே அவர்களுக்குச் சாட்சி. பணம் வர வேண்டியிருந்தால் ஐடி நகல் இருக்கிறது, போன் நம்பர் இருக்கிறது, நோட்டீஸ் அனுப்பலாம்.

அவர்கள் வழக்குப் போட்டால் எங்கே போடுவார்கள்? 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தங்கும் விடுதி என்பது சேவை. பழைய சட்டத்தில் இல்லாத ஒரு வசதி இதில் உண்டு: புகார்தாரர் தான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். அதாவது ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்கள் கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு ஓட வேண்டும். கொடுத்த கட்டணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் அவர்களுக்குக் கோர்ட் ஃபீஸே இல்லை. இரண்டு வருடம் வரை அவகாசமும் இருக்கிறது. உங்களுக்குச் சம்மன் வந்தால் பதில் தாக்கல் செய்ய 30 நாள், ஆணையம் மனது வைத்தால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தர முடியாது என்று 2020-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு முடிவு செய்துவிட்டது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று கவரை டிராயரில் போட்டுத் தோற்றவர்கள் நிறைய.

2 லட்சம் நஷ்டஈடு என்பது கேட்பதற்கு மட்டும். ஆனாலும் சில ஆயிரத்துக்காக இரண்டு வருஷம் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறுவது உங்களுக்கு லாபமில்லை. என் யோசனை இது: உண்மையான சேதத்தைப் பில்லோடு கணக்குப் போடுங்கள். 2,600 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 4,900 ரூபாயைத் திருப்பி அனுப்பத் தயார் என்று 15 நாளுக்குள் பதில் நோட்டீஸ் கொடுங்கள். நாயை அனுமதிக்கச் சட்டக் கட்டாயம் இல்லை என்பதை அதில் ஒரு பத்தியில் மரியாதையாக எழுதினால் போதும், சண்டை தொனி வேண்டாம். போட்டோ, சலவை பில் நகல் இரண்டையும் இணைத்து, டெலிவரிக்கு அத்தாட்சி கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்டில் அனுப்பச் சொல்லுங்கள். பணத்தை வாங்கிக்கொண்டால், இத்தோடு பாக்கி எதுவும் இல்லை என்று எழுத்தில் வாங்கிய பிறகு கோப்பை மூடலாம். பணத்தை மறுத்தாலும் அந்தக் கடிதம் ஆணையத்தில் உங்களைக் காப்பாற்றும்.

இனிமேல் நாயை விடலாமா என்று சட்டத்தைத் தாண்டிக் கேட்டால், உங்கள் மாதிரி கோயில் பக்கத்து லாட்ஜுக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஒட்டி ஒட்டி ரூம்கள், குறுகல் மாடிப்படி, கீழே மெஸ். உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி உணவு தயாரிக்கிற, பரிமாறுகிற இடத்துக்குள் செல்லப் பிராணிகள் வரக் கூடாது. உங்கள் மெஸ்ஸைத் தாண்டாமல் மாடிக்குப் போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். அழகர்கோயில் ரோட்டில் தோட்டத்தோடு இடம் வைத்திருப்பவர் தாராளமாக அனுமதிக்கலாம், அதற்கென்றே ஆட்கள் வருவார்கள். குடும்பத்தோடு ராஜபாளையம் நாயையோ சிப்பிப்பாறையையோ கூட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் இப்போது அதிகம். அப்படி விடுவதென்றால் தரைத்தளத்தில் ஒன்றிரண்டு ரூம்களை ஒதுக்கி, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட புத்தகத்தைப் பார்த்து நகல் எடுத்து, நாயை ரூமில் தனியாக விட்டுப் போகமாட்டேன் என்று கையெழுத்து வாங்கி, திருப்பித் தரும் டெபாசிட் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். நாய் யாரையாவது கடித்தால் கவனக்குறைவுக்கு அதன் சொந்தக்காரர்மேல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவு பாயும், 6 மாதம் வரை சிறை. ஆனால் கடிபட்டவரும் உங்கள் வாடிக்கையாளராக இருந்தால் உங்களையும் சேர்த்துத்தான் இழுப்பார்.

விடுவதில்லை என்றால் அதை ஆப் பக்கத்தில், புக்கிங் உறுதி மெசேஜில், ரிசப்ஷன் போர்டில் என்று மூன்று இடத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் போடுங்கள். "மீறினால் 25,000 அபராதம்" என்று மட்டும் எழுதாதீர்கள். நஷ்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத தண்டத் தொகை வைப்பது புதிய நுகர்வோர் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்தம். அதற்கு எதிராக மாநில ஆணையத்துக்கே நேராகப் போகலாம்.

ஒரே ஒரு விஷயத்தில் போர்டைக் காட்டாதீர்கள். பார்வையற்ற ஒருவர் வழிகாட்டி நாயோடு வந்தால் அது செல்லப் பிராணிக் கணக்கில் வராது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பாகுபாடு கூடாது, நியாயமான வசதி செய்து தர வேண்டும் என்கிறது. அந்த நாயை வெளியே நிறுத்துவது அந்த மனிதரை வெளியே நிறுத்துவதுதான் என்பது என் வாதமாக இருக்கும். நம் ஊரில் இப்படி வருகிறவர்கள் மிக அபூர்வம். வந்தால் ரிசப்ஷனில் இருப்பவர் திகைக்காமல் இருக்க இப்போதே சொல்லி வையுங்கள்.

கடைசியாக அந்தத் தம்பியின் சம்பளம். பிடிக்காதீர்கள். அவர் பொறுப்பில் ஒப்படைத்த பொருளோ பணமோ அவருடைய கவனக்குறைவால் போனால் மட்டுமே ஊதியச் சட்டம் பிடித்தம் செய்ய விடுகிறது, அதுவும் அவர் விளக்கத்தைக் கேட்ட பிறகு. மெத்தையை நனைத்தது அவர் இல்லை. நாய் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் அவருக்கு எழுதிக் கொடுக்கவும் இல்லை. ராத்திரி ஷிப்டில் இந்த மாதிரி தகராறு வந்தால் எத்தனை மணியானாலும் உங்களுக்குப் போன் செய்யச் சொல்லி, அந்த நம்பரை ரிசப்ஷன் மேஜையிலேயே ஒட்டி வையுங்கள்.