நடை அறியும் சென்சார்கள், புறக்கூட்டு (காலில் அணியும்) ரோபோக்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஒரே ஒரு சென்சார்தான் கையில் இருக்கிறது. எங்கே கட்டுவது?

பதில்: முழங்காலுக்குக் கீழே, சதை குலுங்காத முன்னெலும்பின் மேல் இறுகக் கட்டுங்கள். கால் முன்னே வீசும்போது, சென்சாரில் சுழற்சி வேகத்தை அளக்கும் கைரோஸ்கோப் பெரிய முகடு ஒன்றைக் காட்டும். அதற்கு முந்தைய பள்ளம் கால்விரல் தரையை விடும் கணம். பிந்தைய பள்ளம் குதிகால் பதியும் கணம். இயல்பான நடையில் பாதம் தரையில் ஊன்றியிருப்பது நடைச் சுழற்சியில் ஏறத்தாழ 60 சதவீதம், காற்றில் வீசுவது 40. பக்கவாதம் வந்தவருக்கு இது காலுக்குக் கால் மாறும். எல்லோருக்கும் ஒரே வரம்பு மதிப்பை வைத்துவிடாதீர்கள்.

கேள்வி: சென்சார் தரவைப் பார்த்து நடையின் கட்டத்தை என் கணினி மாதிரி 99 சதவீதம் சரியாகச் சொல்கிறது. ரோபோவில் ஏற்றலாமா?

பதில்: யாரை வைத்துச் சோதித்தீர்கள்? ஒருவரின் பதிவைத் துண்டுகளாக வெட்டிக் கலைத்து, பாதியில் பயிற்றுவித்து மீதியில் சோதித்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் விடை முன்பே கசிந்துவிடுகிறது. ஒருவரை முழுதாக ஒதுக்கிவிட்டு, மற்றவர்களின் தரவில் பயிற்றுவித்து, பிறகு அவரிடம் சோதியுங்கள்.

கேள்வி: எனக்கு 98 சதவீதம் வருகிறது. போதுமா?

பதில்: முந்தைய பதிலைப் படியுங்கள்.

கேள்வி: தசை மின் சமிக்ஞை அசைவுக்கு முன்பே வருகிறதே, அதை ஏன் ஒதுக்குகிறீர்கள்?

பதில்: ஒதுக்கவில்லை. சில பத்து மில்லி நொடிகள் முந்தி வருவது உண்மை. ஜப்பானின் ஹால் என்ற புறக்கூட்டு ரோபோ அதைக் கொண்டே இயங்குகிறது. ஆனால் வியர்த்தாலும் மின்முனை சற்று நகர்ந்தாலும் சமிக்ஞை மாறிவிடும்.

அவரே மீண்டும்: வியர்வையைச் சமாளிக்கலாம். கால் அசையாதவரின் எண்ணத்தை உங்கள் கைரோஸ்கோப் காட்டுமா?

பதில்: காட்டாது. தசையில் சிறு துடிப்பு மிஞ்சியிருப்பவர் விஷயத்தில் உங்கள் வாதமே சரி. தண்டுவடம் முழுதாகத் துண்டுபட்டவரிடம் அந்தத் துடிப்பும் வராது. ரீவாக் என்ற புறக்கூட்டு ரோபோ அதனால்தான் உடலின் சாய்வைப் பார்த்து அடியெடுத்து வைக்கிறது. என் யோசனை இது: தொடக்கத்தைத் தசை சொல்லட்டும், அனுமதியைப் பாத அழுத்த சென்சார் தரட்டும். உடல் எடை ஒரு காலில் நிற்கும்போது அதன் முழங்காலைத் தளர்த்தும் முடிவை எந்தக் கணினி மாதிரியிடமும் தனியே விடாதீர்கள். சதவீதக் கணக்கில் அது ஒரு சிறு பிழை, அணிந்திருப்பவர் விழுந்துவிடுவார்.

கேள்வி: 97 சதவீதம்...

பதில்: ஒதுக்கி வைத்த ஆளிடம் சோதித்த பிறகு எழுதுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. எந்தக் கருவி நல்லது?

பதில்: முதலில் மருத்துவரையும் இயன்முறை சிகிச்சையாளரையும் பாருங்கள்.

கேள்வி: பதிவில் அழகாக வந்த வளைவு, ரோபோவில் தாமதமாக வருவது ஏன்?

பதில்: இரைச்சலை நீக்க, பதிவை முன்னும் பின்னுமாக வடிகட்டியிருப்பீர்கள். நடக்கும்போது அடுத்த நொடியின் தரவு கிடைக்காது. முன்னோக்கி மட்டும் ஓடும் வடிகட்டியைப் போட்டு, அதன் தாமதத்தை அளந்து, கட்டுப்பாட்டுக் கணக்கில் சேருங்கள்.