கோத்தகிரி தேயிலைத் தொழில்: கடன் விண்ணப்பம் திரும்பி வந்தது ஏன்?

கோத்தகிரியில் நான்கு பேருக்கு வேலை தரும் தேயிலைத் தொழில் தொடங்க மானியக் கடன் கேட்டதை வங்கி திருப்பிவிட்டது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். திட்ட அறிக்கையிலிருந்து தோட்டச் செலவை முழுவதும் எடுத்துவிட்டு மறுபடி கொடுங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் தேயிலை, காப்பி சாகுபடிக்கு இடமில்லை. இலையைப் பதப்படுத்தி மதிப்புக் கூட்டுவதற்கு உண்டு. "தோட்டத் தொழில்" என்று உங்களுக்கு எழுதித் திருப்பியதற்கு இதுவே காரணமாக இருக்கும். என் அறிக்கையில் கவாத்துக் கூலி (செடியைக் கத்தரிக்கும் கூலி) என்று ஒரே ஒரு வரி இருந்தது, அதற்கே மூன்று மாதம் அலைந்தேன்.

1. இலை வாட்டும் தொட்டி, உருட்டும் இயந்திரம், டிரையர், பொட்டலமிடும் கருவி ஆகியவை மட்டும் இருக்கட்டும். நிலத்தின் விலையைச் சேர்க்க முடியாது. உற்பத்தித் தொழிலுக்கு மானியம் கணக்கிடும் திட்டச் செலவுக்கு 50 லட்சம் ரூபாய்தான் உச்சவரம்பு.

2. மலைப்பகுதி சிறப்புப் பிரிவில் வரும். கிராமப்புறமானால் திட்டச் செலவில் மானியம் 35 சதவீதம், உங்கள் பங்கு 5 சதவீதம். விண்ணப்பத்தில் பொதுப்பிரிவு என்று போட்டிருக்கிறதா என்று மாவட்டத் தொழில் மையத்தில் பாருங்கள்.

நான்கு பேருக்கு வேலை என்கிறீர்கள், நல்லது. ஆனால் மானியத்தை நம்பி முதல் மாதச் சம்பளம் பேசாதீர்கள். அது கைக்கு வராது, மூன்று ஆண்டுகள் வங்கியிலேயே வைப்பாகக் கிடக்கும். இலை வாங்கவும் கூலி கொடுக்கவும் நடைமுறை மூலதனத்தைத் தனியாகக் கணக்குக் காட்டுங்கள்.