ஸ்கேன் நார்மல், ஆனால் தம்பி பழைய ஆளாக இல்லை: இழப்பீடு கிடைக்குமா?

கிண்டியில் தம்பியின் பைக்கை வேன் இடித்து நான்கு மாதமாகிறது, தலைக்கு எடுத்த சிடி ஸ்கேனில் ஒன்றுமில்லை, ஆனால் மறதியும் கோபமும் அதிகம், வழக்கு நிற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிற்கும். ரத்தக்கசிவு, எலும்பு முறிவு எல்லாம் சிடியில் தெரியும். மூளை நரம்பிழைகளில் ஏற்பட்ட நுண்ணிய சேதம் பெரும்பாலும் தெரியாது. அதனால் நரம்பு உளவியல் பரிசோதனை (நினைவாற்றல், கவனம் போன்றவற்றைச் சோதிப்பது) செய்து அறிக்கை வாங்குங்கள். அப்புறம் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வாருங்கள்: அடுப்பில் பாலை வைத்து மறந்தது, ஏடிஎம் வாசலில் பின் நம்பர் நினைவில்லாமல் திரும்பியது. சின்ன விஷயம்தான், ஆனால் குறுக்கு விசாரணையில் கைகொடுக்கும்.

ஊனச் சதவீதம் வேறு, அதனால் சம்பாதிக்கும் திறன் குறைவது வேறு என்று 2010-இல் ராஜ்குமார் என்பவரின் விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கணக்கு எழுதிப் பிழைப்பவருக்கு லேசான மறதியே பெரிய இழப்பு.

சென்னையில் இழப்பீட்டு மனுவைச் சிறுவழக்குகள் நீதிமன்றத்தில் போடலாம். சட்டப்படி கெடு விபத்து நாளிலிருந்து 6 மாதம்; உங்களுக்கு மிச்சம் இரண்டுதான். எஃப்.ஐ.ஆரோடு, முதலில் சேர்த்த மருத்துவமனையின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியையும் வாங்குங்கள். அதில் 'மயக்கம்' என்று எழுதியிருக்கிறார்களா பாருங்கள்; தலையில் அடிபட்டதைக் காட்ட அது உதவும். ஹெல்மெட் போடவில்லையா? தொகையில் கொஞ்சம் கழிக்கலாம். அதை வக்கீலிடம் மறைக்காதீர்கள்.